நீதிமானின் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிவதில்லையா?

2022 ஜூன் 4: வாசகர் ஒருவரின் கேள்வி

"நான் இளைஞனாயிருந்தேன், முதிர்வயதுள்ளவனுமானேன், ஆனாலும் நீதிமான் கைவிடப்பட்டதையும், அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதையும் நான் காணவில்லை." 37-ஆம் சங்கீதத்தின் இந்த 25-ஆம் வசனத்தை என் தகப்பனார் 30 ஆண்டுகள் எங்களுக்குச் சொல்லி வந்தார். ஒருவரையும் ஏமாற்றாதவர், ஓர் ஆராதனையையும் தவறவிடாதவர். அவர் இறந்தபோது அடக்கத்தைக் கடன் வாங்கித்தான் நடத்தினோம். அவர் நீதிமான் அல்லவா, அல்லது வசனம் பொய்யா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம்.

2022 ஜூன் 4, இரவு

இரண்டில் ஒன்றை நான் சொல்லப்போவதில்லை. ஆறுதலும் சொல்லப்போவதில்லை. அந்த வசனத்தின் இலக்கணத்தை மட்டும் முதலில் பார்ப்போம். "நான் காணவில்லை" என்பதில் எழுவாய் "நான்", தன்மை ஒருமை. ஒரு முதியவர் தம் கண் கண்டதைச் சொல்கிறார். தேவன் தம் வாயால் கொடுத்த வாக்குத்தத்தமாக அந்த வரி எழுதப்படவில்லை, சாட்சியாக எழுதப்பட்டிருக்கிறது. சாட்சியை வாக்குத்தத்தமாக மாற்றி, அதை ஓர் அளவுகோலாக்கி, அதைக்கொண்டு ஒரு மனிதனின் நீதியை அளப்பது நாம் செய்கிற வேலை.

2022 ஜூன் 5

நேற்று எழுதியதை இன்று காலையில் வாசித்தபோது எனக்கே நிறைவாக இல்லை. இலக்கணத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டதுபோல் இருக்கிறது. "நான் காணவில்லை" என்று ஒருவர் சொன்னால், "நன்றாகப் பார்த்தீரா?" என்று கேட்கத்தான் தோன்றும். புலம்பல் நூலின் 4-ஆம் அதிகாரத்தில் எருசலேமின் குழந்தைகள் அப்பம் கேட்கிறார்கள், கொடுக்க ஒருவருமில்லை. அந்தக் குழந்தைகள் எல்லாரும் துன்மார்க்கரின் சந்ததி என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

ஆனால் வேறொன்றைக் கவனித்தேன். அந்தச் சங்கீதம் தாவீதின் பெயரில் இருக்கிறது. அந்தத் தாவீது அப்பம் கேட்டவன். 1 சாமுவேல் 21-இல் சவுலுக்குத் தப்பி ஓடுகிற வழியில் நோபிலுள்ள ஆசாரியனாகிய அகிமெலேக்கிடம் போய், கையில் என்ன இருக்கிறது, ஐந்து அப்பமாவது கொடும் என்று கேட்கிறான்; கேட்கும்போது, ராஜாவின் காரியமாக வந்தேன் என்று பொய்யும் சொல்கிறான். பின்பு 25-ஆம் அதிகாரத்தில் நாபாலிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறான்; அவமானத்தோடு அந்த ஆட்கள் திரும்புகிறார்கள். ஆகவே, நீதிமான் எவரிடத்திலும் கேட்கும் நிலைக்கு வரமாட்டான் என்று அந்த வரி சொல்ல முடியாது. சொன்னவனே கேட்டிருக்கிறான்.

2022 ஜூன் 5, சற்று நேரம் கழித்து

நோபு சம்பவத்தின் மீதியையும் எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது. அப்பம் கொடுத்த குற்றத்துக்காக அகிமெலேக்கும் அவனோடு இருந்த ஆசாரியர்களுமாக 85 பேர், சவுலின் கட்டளைப்படி, அவனுடைய ஊழியக்காரனாகிய தோவேக்கின் கையால் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். தாவீது போஷிக்கப்பட்டான், கொடுத்தவர்கள் மாண்டார்கள். "உன் தகப்பன் வீட்டாராகிய எல்லாருடைய மரணத்துக்கும் நானே காரணம்" என்னும் பொருள்பட, தப்பி வந்த அகிமெலேக்கின் குமாரன் அபியத்தாரிடம் தாவீது பேசுகிறான். தான் தின்ற அப்பத்தின் விலையை அவன் அறிந்திருந்தான். நம் சாட்சிக் கூட்டங்களில் பெரும்பாலும் அப்பத்தோடு கதை முடிந்துவிடும்.

2022 ஜூன் 9

இதை எழுதலாமா என்று நான்கு நாட்களாக யோசித்தேன்.

எனக்கு வேலை போனபோது வயது 43. அடுத்த 17 மாதங்கள் நிலையான வருமானம் இல்லை. முதல் மூன்று மாதங்கள் சபையில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் முன்பைவிட நன்றாக இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். விஷயம் தெரிந்தபின் பலர் கையைப் பிடித்து, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். ஒருவர் பொய்யாகச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியம் முடிகிற இடத்தில் கையும் விடுபட்டுவிடும். அந்த வாரங்களில் நான் வெறுத்தது வறுமையைவிட அந்தக் கைவிடுதலைத்தான். (கைவிடுதல் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதவில்லை, எழுதியபின்தான் கவனித்தேன்.)

இரண்டு பேர் வேறுவிதமாக நடந்துகொண்டார்கள். ஒருவர் சபையில் கடைசி வரிசையில் உட்காரும் அம்மா. அவர் வசனம் எதுவும் சொல்லவில்லை. "எவ்வளவு வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். நான் கேட்டதில் பாதிதான் அவரால் முடிந்தது. அதையும் மறைக்காமல் சொன்னார். இரண்டாமவர் என் பழைய அலுவலகத் தோழர். விசுவாசி அல்ல, கடவுள் இருக்கிறார் என்பதையே ஒத்துக்கொள்ளாதவர். அவர் தம்மிடம் வந்த சிறுசிறு எழுத்து வேலைகளை 11 மாதங்கள் எனக்குத் திருப்பிவிட்டார்.

மறுபடி வேலை கிடைத்த பின்பு சபையில் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். எலியாவை மூன்றரை ஆண்டுகள் காகங்களைக்கொண்டு போஷித்த தேவன் என்னையும் போஷித்தார் என்றேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். தோழரின் பெயரையும் சொல்லவில்லை, அந்த அம்மாவின் பெயரையும் சொல்லவில்லை. எல்லா மகிமையும் கர்த்தருக்கே போகட்டும் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். கடன்பட்டவன் என்று பலர் நடுவில் சொல்ல வெட்கமாயிருந்தது என்பது உண்மையான காரணம்.

அது எப்படியோ தோழரின் காதுக்குப் போயிற்று. "அப்படியானால் நான் காகமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

2022 ஜூன் 10

ஒரு வாசகர் சரியாகத் திருத்தியிருக்கிறார். காகங்களுக்கு நான் மூன்றரை ஆண்டு வேலை கொடுத்துவிட்டேன். 1 இராஜாக்கள் 17-இன்படி அவை கேரீத் ஆற்றண்டையில் மட்டுமே எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. மழை பெய்யாததினால் அந்த ஆறு வற்றிப்போயிற்று. அதன்பின் அவன் சீதோனுக்கடுத்த சாறிபாத்துக்கு, ஒரு விதவையின் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். மூன்றரை ஆண்டு என்பது மழை அடைபட்டிருந்த காலம் (லூக்கா 4:25). மேடையில் சொன்ன பிழையைத் திருத்தப் பல ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆனால் திருத்தத்தில் ஒரு காரியம் வெளிப்படுகிறது. தேவனே போகச் சொன்ன இடத்திலிருந்த ஆறு வற்றியது. கீழ்ப்படிந்து போன இடத்திலேயே வழி அடைபட்டது. அதற்கு எலியாவின் அவிசுவாசம் காரணம் என்று வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; மழை பெய்யவில்லை, ஆகையால் ஆறு வற்றிற்று, அவ்வளவுதான். அந்தப் பஞ்சமோ எலியாவே அறிவித்தது. தேசத்தின்மேல் வந்த வறட்சி தீர்க்கதரிசியின் ஆற்றை மட்டும் விலக்கிவைக்கவில்லை.

2022 ஜூன் 10, மறுபடியும்

காகத்தைப் பற்றி இன்னொன்று. லேவியராகமம் 11:15 காகங்களை அருவருப்பான பறவைகளின் பட்டியலில் வைக்கிறது. அசுத்தமான பறவையின் வாயிலிருந்து தீர்க்கதரிசி ஆகாரம் வாங்கினான். லூக்கா 12:24-லும் இயேசு, "காகங்களைக் கவனித்துப்பாருங்கள்" என்கிறார். மத்தேயு பொதுவாகப் பட்சிகள் என்று சொல்லுமிடத்தில் லூக்கா காகம் என்கிறார். இதைத் தோழருக்கு விளக்கினால் கௌரவமாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்து விளக்கினேன். "அசுத்தமான காகம் என்பதை விட்டுவிட்டு முதலில் சொன்னதே தேவலை" என்றார்.

2022 ஜூன் 14

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். நான் சுற்றி வருகிறேன் என்கிறார். உண்மைதான். ஆனால் இன்னொரு வாசகர் இடையில் கேட்டதற்கும் பதில் வேண்டும்: சேமிப்பும் காப்பீடும் அவிசுவாசமா, நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று இருக்கிறதே?

கவலைப்படாதிருங்கள் என்பதற்கும் எண்ணிப்பாராதிருங்கள் என்பதற்கும் தூரம் உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னாவை எடுத்துக்கொண்டால், ஆளுக்கு ஓர் ஓமர் என்னும் அளவு. விடியற்காலம்மட்டும் வைத்தது பூச்சி பிடித்து நாறிற்று. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்க்கும்படி அதே தேவன் சொன்னார், அது நாறவில்லை. எகிப்தில் யோசேப்பு பரிபூரணமான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தான். அப்போஸ்தலர் 11-இல் தீர்க்கதரிசியாகிய அகபு பஞ்சம் வரும் என்று சொன்னவுடன் அந்தியோகியாவின் சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், போய் உபவாசியுங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை.

லூக்கா 12-இல் காகங்களைப் பற்றிய பேச்சு எதற்குப் பின் வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் உவமைக்குப் பின் வருகிறது. அவன் சேர்த்துவைத்ததில் உள்ள பழுது, தன் ஆத்துமாவோடு தவிர வேறொருவரோடும் அவன் பேசவில்லை என்பதுதான். உவமை முழுவதிலும் அயலான் ஒருவனும் வருவதில்லை.

2022 ஜூன் 15

ஓமர் பற்றி விட்டுப்போனது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியாகவும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவாகவும் இல்லை என்ற யாத்திராகமம் 16:18-ஐப் பவுல் 2 கொரிந்தியர் 8:15-இல் எடுத்துக் காட்டுகிறார். எங்கே? எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைச் சேர்க்கச் சொல்லும் இடத்தில். வனாந்தரத்தில் அற்புதத்தால் வந்த சமநிலை, கொரிந்துவில் கொடுப்பதால் வரவேண்டும் என்கிறார். வானத்திலிருந்து விழுந்ததும் ஒருவர் பணப்பையிலிருந்து வந்ததும் பவுலின் கணக்கில் ஒரே ஏட்டில் ஏறுகின்றன.

2022 ஜூன் 21

ஜார்ஜ் முல்லரின் பெயரை மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எதிர்பார்த்ததுதான். 1805-இல் பிரஷ்யாவில் பிறந்து, 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்து, 1898-இல் இறக்கும்வரை 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பராமரித்தவர். மனிதரிடம் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று தீர்மானித்து நடந்தவர். என் வேலையில்லாக் காலத்தில் அவரை எனக்கு உதாரணமாகக் காட்டியவர்கள் பலர். "முல்லர் யாரிடமும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே" என்பது அதன் உட்பொருள். கேட்கப்படாமலிருக்க விரும்புகிறவர்களுக்கு முல்லர் மிகவும் வசதியானவர்.

அவரை இன்னும் கொஞ்சம் கவனித்தால் வசதி குறைகிறது. அவர் ஒவ்வொரு காணிக்கையையும் கணக்கெழுதி, ஆண்டறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். அதுவே ஒருவகைக் கேட்பு அல்லவா என்று அவர் காலத்திலேயே குறை சொன்னார்கள். அந்தக் குறையை அவரும் உணர்ந்திருக்கவேண்டும். 1841-இன் இறுதியில் கையிருப்பு மிகவும் குறைந்திருந்தபோது, அறிக்கையை அந்த நேரத்தில் வெளியிட்டால் அது உதவி கேட்பதாகிவிடும் என்று கூட்டத்தையும் அறிக்கையையும் தள்ளிவைத்தார். தட்டு காலியாக இருக்கும்போது தட்டைக் காட்டமாட்டேன் என்ற வைராக்கியம் அது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அது அவருக்குக் கொடுக்கப்பட்ட அழைப்பு. அநாதை இல்லத்தின் தலைவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதியை, வாடகை கட்ட முடியாத ஒருவன்மேல் சுமத்துவது வேறு காரியம்.

தவிர, 10,000 பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்றால் எத்தனையோ பேர் கொடுத்தார்கள் என்று பொருள். முல்லர் கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்திருக்கிறோம். கேட்கப்படாமலே கொடுத்தவர்களை அவருடைய கணக்கேடு வைத்திருந்தது, நாம் மறந்துவிட்டோம்.

2022 ஜூன் 22

கேள்வி கேட்டவருக்கு. சுற்றிவருவதை நிறுத்துகிறேன்.

நாசரேத்தில் இயேசு சொன்னதை வாசியுங்கள். எலியாவின் நாட்களில் இஸ்ரவேலில் அநேகம் விதவைகள் இருந்தார்கள், அவர்களில் ஒருத்தியிடமும் எலியா அனுப்பப்படவில்லை, சாறிபாத்தில் இருந்த ஒரு விதவையிடமே அனுப்பப்பட்டான். அந்த விதவையின் பானையில் மா செலவழிந்துபோகவில்லை என்ற சாட்சியை நாம் வாசிக்கும்போது, மா செலவழிந்துபோன மற்றப் பானைகளை இயேசு நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சைக் கேட்ட ஜெப ஆலயத்தார் கோபமடைந்து, அவரை மலையின் சிகரத்திலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள்.

இன்னொன்று. இயேசு சொன்ன உவமைகளில் பெயர் பெற்றவன் லாசரு ஒருவனே. அந்தப் பெயருக்கு, தேவன் உதவினார் என்று பொருள். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஐசுவரியவானின் வாசலில் கிடந்து, மேஜையிலிருந்து விழும் துணிக்கைகளை ஆசித்து, பருக்களோடு அவன் செத்தான். தேவதூதர்கள் அவனை ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோனார்கள் என்பதை வைத்து ஆறுதல் சொல்லலாம். நீங்கள் ஆறுதல் வேண்டாம் என்றீர்கள். ஆகவே இதை மட்டும் சொல்கிறேன்: அந்தக் கதையில் பசித்துச் செத்தவனின் நீதி விசாரிக்கப்படவில்லை. விசாரிக்கப்பட்டவன் வாசலுக்கு உள்ளே இருந்தவன்.

2022 ஜூன் 23

"அப்படியானால் தேவன் போஷிப்பார் என்று இனிமேல் சொல்லக்கூடாதா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்கிறார். சொல்லலாம். யாரிடம், எந்த நிலையில் நின்று சொல்கிறோம் என்பதே கேள்வி. "என் தேவன் தம்முடைய ஐசுவரியத்தின்படி உங்கள் குறைவையெல்லாம் கிறிஸ்து இயேசுவுக்குள் மகிமையிலே நிறைவாக்குவார்" என்று எழுதியவர் கட்டுண்டிருந்த பவுல். யாருக்கு எழுதினார்? எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியிருந்த பிலிப்பியருக்கு. அதாவது இல்லாதவன், கொடுத்தவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. இருக்கிறவன், தான் கொடுக்காமல் அனுப்பிவிடும் ஏழையைப் பார்த்துச் சொன்னால் அதற்கு யாக்கோபு 2:16-இல் வேறு பதில் இருக்கிறது: வேண்டியதைக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன?

2022 ஜூலை 3

ஆபிரகாம் மோரியா மலைக்கு ஏறும்போது, தேவன் தமக்குத் தகனபலிக்கான ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்வார் என்கிறான். எபிரெயத்தில் அங்கே உள்ள வினைச்சொல் பார்ப்பதையே குறிக்கிறது. அந்த இடத்துக்கு ஆபிரகாம் இட்ட யேகோவாயீரே என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பல மொழிகளில் இதை மொழிபெயர்க்கிறவர்கள் பார்த்தலுக்கும் கொடுத்தலுக்கும் நடுவே திண்டாடுகிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் திண்டாட்டம் இல்லை. "பார்த்துக்கொள்" என்ற ஒரே சொல் இரண்டையும் ஏந்திக்கொள்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொன்னால், தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிரு என்று யாரும் புரிந்துகொள்வதில்லை.

இதனால் ஜூன் 9-இல் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற வாக்கியத்தின்மேல் எனக்கிருந்த வெறுப்பு அந்த வாக்கியத்துக்கு உரியதல்ல. கடைசி வரிசை அம்மா அதைச் சொல்லாமலே செய்தார். அவர் சொல்லியிருந்தாலும் நான் ஏற்றிருப்பேன். சென்ற ஞாயிறு சபையில் அனுமதி கேட்டு, என் பழைய சாட்சியைத் திருத்திச் சொன்னேன். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. அவர் பெயரையும் தோழரின் பெயரையும் சொன்னேன், எத்தனை மாதம், எத்தனை வேலை என்பதையும் சொன்னேன். இம்முறை அல்லேலூயா குறைவாகத்தான் வந்தது. ஆராதனை முடிந்தபின் ஒருவர் தனியாக வந்து, தமக்கு நான்கு மாதமாக வேலை இல்லை என்றார். அவரும் நன்றாக இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்.

2022 ஜூலை 4

அவரைப் பற்றி மேலும் கேட்காதீர்கள். அவருடைய காரியம் அவருடையது.

2022 ஜூலை 19

முதல் நாளே எழுதியிருக்கவேண்டியதை 45 நாட்கள் கழித்து எழுதுகிறேன். 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை எண்ணெய் பெருகிய அற்புதமாக வாசித்திருக்கிறேன். நேற்று அதன் முதலாம் வசனத்திலேயே நின்றுவிட்டேன். தீர்க்கதரிசிகளின் புத்திரர் ஒருவனுடைய மனைவி எலிசாவிடம் வந்து, என் புருஷன் இறந்துபோனான், அவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தான் என்பதை அறிவீர், கடன்கொடுத்தவன் என் இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான் என்கிறாள்.

கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், கடனோடு செத்தான். வேதம் அந்த இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்திருக்கிறது. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மறுக்கவில்லை. எலிசாவும், உன் புருஷன் உண்மையிலேயே பயந்து நடந்தானா என்று விசாரிக்கவில்லை. "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்? வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறான். உங்கள் தகப்பனார் நீதிமான் அல்லவா என்று கேட்டீர்கள். நான் அவரை அறியேன், ஆனால் கடன் வாங்கி நடந்த அடக்கம் அதற்கு விரோதமான சாட்சியாக நிற்காது.

2022 ஜூலை 21

கேள்வி கேட்டவர் நீண்ட பதில் எழுதியிருக்கிறார்; அவர் கேட்டுக்கொண்டபடி அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அடக்கத்துக்குப் பணம் தந்தவர்களைப் பட்டியலிட்டுப் பார்த்தாராம். 11 பேர். அவர்களில் ஆறு பேர் தகப்பனாரிடம் முன்பு ஏதாவதொரு உதவி பெற்றவர்கள் என்பதை அப்போதுதான் எண்ணிப்பார்த்தாராம். 37-ஆம் சங்கீதத்தின் 26-ஆம் வசனம், நீதிமான் நித்தம் இரங்கிக் கடன்கொடுக்கிறான் என்று தொடர்வதை அவர் தகப்பனார் ஒருபோதும் சொல்லிக் கேட்டதில்லையாம். சொல்லாமல் விட்டதன் காரணத்தை நான் ஊகிக்கப்போவதில்லை.

ஆனால் அவர் கேட்பது வேறு. 11 பேரில் இரண்டு பேருக்கு இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதே சங்கீதத்தின் 21-ஆம் வசனம், துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான் என்கிறதே என்கிறார். அந்த வசனம் இரங்கிக்கொடுக்கிறவனுக்கு எதிராக வைப்பது, செலுத்தும் எண்ணமே இல்லாமல் போகிறவனை. செலுத்த வழியில்லாமல் தூக்கம் கெட்டவனை அல்ல. முழுத்தொகை சேரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். அந்த இருவருக்கும் இந்த வாரமே எழுதுங்கள். எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள், பாதியாக இருந்தாலும் பாதி என்றே சொல்லுங்கள். அந்த விதவைக்கு எண்ணெய் நின்றபின் எலிசா சொன்ன வரிசையும் அதுதான்: விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்.